பணக்காரர் விமானமும் பாட்டாளியின் எஞ்சினும்

2025 ஜூன் மாதம் பாரிஸ் நகரில் நடந்த விமானக் கண்காட்சியில் ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. பிரான்ஸ் நாட்டு டஸால்ட் கம்பெனியும் அனில் அம்பானியின் ரிலையன்ஸ் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து, பால்கன் 2000 என்னும் விமானத்தை நாகபுரியில் தயாரிக்கப் போகின்றன. 2028-க்குள் முதல் விமானம் பறக்குமாம். பிரான்சுக்கு வெளியே இந்த விமானம் தயாராவது இதுவே முதல் தடவையாம். முதலாளிகளின் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டுக் குதூகலித்தன.

பால்கன் என்பது நீங்களும் நானும் டிக்கட் வாங்கி ஏறும் விமானமல்ல. எட்டுப் பத்துப் பேர் மட்டும் சாய்ந்து உட்கார்ந்து போகும் வாகனம். பிஸினஸ் ஜெட் என்பது அதன் பெயர். கம்பெனி டைரக்டரும் மந்திரியும் சினிமா நட்சத்திரமும் தனக்கென்று வைத்துக்கொள்ளும் ஆகாயக் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அதைப் பற்றி நமக்கென்ன பேச்சு? அம்பத்தூரில் ஷிப்டு முடிந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீடு சேருகிறவனுக்கும், பூந்தமல்லிக்கு மேற்கே நாற்று நட்டுக் கூலி வாங்குகிறவளுக்கும் இதில் என்ன இருக்கிறது?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த விமானத்தின் பின்புறத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உருளைகள் தொங்குகின்றன. நம்முடைய விஷயம் அங்கேதான் இருக்கிறது.

அந்த உருளைகள்தான் எஞ்சின்கள். சிறிய டர்போபேன் எஞ்சின். பால்கனில் இருப்பவை பிராட் அண்ட் விட்னி என்ற கம்பெனியின் கனடாக் கிளை தயாரிப்பவை. விமானத்தை நாகபுரியில் பூட்டினாலும் எஞ்சின் கனடாவிலிருந்து பெட்டியில் வரும். உடலை இங்கே ஆணியடித்துக் கொடுப்போம், உயிரை அங்கிருந்து வாங்குவோம். இதைத்தான் "இந்தியாவிலேயே தயாரிப்பு" என்று பெயர் சூட்டி மேளம் கொட்டுகிறார்கள்.

இந்தச் சிறிய எஞ்சினைச் செய்யத் தெரிந்த நாடுகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். செய்யத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நம் நாட்டில் முயற்சி நடந்துகொண்டும் இருக்கிறது. பெங்களூரில் உள்ள பொதுத்துறை ஸ்தாபனமான ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் அந்த முயற்சியைச் செய்கிறது. அதற்கு எச்.டி.எப்.இ. 25 என்று பெயர். 25 கிலோ நியூட்டன் தள்ளுவிசை தரும் எஞ்சின். நம் கணக்கில் சொன்னால் சுமார் 2,500 கிலோ பாரத்தைத் தள்ளும் வலு. 2015 டிசம்பர் 14-ந் தேதி அன்றைய பாதுகாப்பு மந்திரி மனோகர் பாரிக்கர் முன்னிலையில் அதன் மையப் பகுதி முதல் தடவையாக ஓட்டிக் காட்டப்பட்டது. பயிற்சி விமானங்களுக்கும், ஆளில்லா விமானங்களுக்கும், பிஸினஸ் ஜெட்டுக்கும் உதவும் என்றார்கள். ஒற்றை எஞ்சினாகப் பூட்டினால் 5 டன் வரையுள்ள விமானம், இரட்டையாகப் பூட்டினால் 9 டன் வரையுள்ள விமானம். இது அந்த ஸ்தாபனமே சொன்ன கணக்கு. அதன் பின் பத்தாண்டு ஓடிவிட்டது. அந்த எஞ்சின் இன்னும் ஒரு விமானத்தையும் ஆகாயத்தில் தூக்கவில்லை.

ஏன்? நம் இஞ்சினீர்களுக்கு மூளை இல்லையா? நம் தொழிலாளிக்குக் கை இல்லையா? அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லுமுன், வேலை எப்படிப்பட்டது என்று பார்த்துவிடுவோம்.

சிறியது என்றால் சுலபமா?

பழைய ஜெட் எஞ்சின் கொஞ்சம் காற்றை உறிஞ்சி, நெருக்கி, எண்ணெயில் எரித்து, அசுர வேகத்தில் பின்னால் கக்கும். அதனால் இரைச்சலும் அதிகம், எண்ணெய்ச் செலவும் அதிகம். டர்போபேனில் முன்புறம் ஒரு பெரிய விசிறி இருக்கும். அது உறிஞ்சும் காற்றில் ஒரு பங்குதான் அடுப்புக்குள் போகிறது. மிச்சமெல்லாம் அடுப்பைச் சுற்றிக்கொண்டு பின்னால் தள்ளப்படுகிறது. ஓடத்தை நகர்த்த மெல்லிய கம்பால் தண்ணீரைப் படபடவென்று அடிப்பதைவிட அகலமான துடுப்பால் நிதானமாகத் தள்ளுவது சிக்கனம் அல்லவா? அதே தத்துவம்தான். அந்த விசிறியைச் சுழற்றும் வலு பின்னால் இருக்கும் டர்பைன் சக்கரத்திலிருந்து வருகிறது. எரிந்து பாயும் வாயு அந்தச் சக்கரத்தின் பிளேடுகள் மேல் மோதிச் சுழற்றுகிறது.

இப்போது மில் தொழிலாளி யோசித்துப் பார்க்கட்டும். நூற்பு மில்லில் ரிங் பிரேம் ஸ்பிண்டில் நிமிஷத்துக்குப் பதினைந்தாயிரம், இருபதாயிரம் சுற்று சுற்றுகிறது. அதற்கே எண்ணெய், பேரிங், சமநிலை என்று எத்தனை கவனம்! சிறிய டர்போபேனின் உள் சக்கரம் நிமிஷத்துக்கு 40 ஆயிரம் சுற்று அளவில் சுற்றும். மையத்திலிருந்து நாலு அங்குலத் தூரத்தில் பத்து கிராம் எடையுள்ள ஒரு பிளேடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் அது தன்னை வெளியே பிய்த்துக்கொண்டு போக இழுக்கும் இழுப்பு ஒன்றரை டன்னுக்கு மேல்! கைவிரல் நுனியளவு உலோகத்தில் ஒரு லாரிச் சுமை தொங்குகிறது. அதுவும் குளிர்ந்த உலோகமல்ல. தகதகவென்று சிவந்த உலோகம். அதைச் சுற்றிப் பாயும் வாயுவின் சூடு அந்த உலோகத்தையே உருக்கக்கூடிய அளவுக்கு ஏறுகிறது. பிளேடின் உள்ளே மயிரிழைத் துவாரங்கள் போட்டுக் காற்றைச் செலுத்தித்தான் அதைக் காப்பாற்றுகிறார்கள். பெரிய எஞ்சினில் பிளேடு உள்ளங்கை அளவு இருக்கும். துவாரம் போட இடமுண்டு. சிறிய எஞ்சினில் பிளேடு சுண்டுவிரல் நகம் அளவுதான். எங்கே துவாரம் போடுவது?

இன்னொன்று. பிளேடின் நுனிக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே இடைவெளி விட்டாக வேண்டும். இல்லாவிட்டால் உரசித் தூள் தூளாகும். அந்த இடைவெளி வழியே நெருக்கப்பட்ட காற்று வீணாக நழுவும். பெரிய எஞ்சினில் 150 மில்லிமீட்டர் பிளேடுக்கு 0.3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் நஷ்டம் அற்பம். சிறிய எஞ்சினில் பிளேடே 15 மில்லிமீட்டர்தான். அதே இடைவெளி விட்டால் பங்கு பத்து மடங்காகிவிடும். எண்ணெய் ஆறாக ஓடும். ஆகவே இடைவெளியையும் பத்தில் ஒன்றாகக் குறைக்க வேண்டும். அதாவது, கடைசல் வேலையும் கிரைண்டிங் வேலையும் பத்து மடங்கு நுணுக்கமாக இருக்க வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்தில் நிற்கிற தோழருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மைக்ரான் கணக்கில் வேலை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். அதற்கு எந்த ரேட் போட்டுக் கொடுக்கிறார்கள் என்பதும் தெரியும்.

சிறிய எஞ்சின் என்பது பெரிய எஞ்சினின் குட்டியல்ல. தனி வித்தை. அதைக் கற்கப் பல்லாண்டு பிடிக்கும்.

அமெரிக்கா எப்படிக் கற்றது?

"தனியார் முயற்சி, போட்டி, சுதந்திரச் சந்தை, இவைதான் இந்த எஞ்சின்களைப் பெற்றெடுத்தன, சர்க்கார் ஆலைகளுக்கு இதெல்லாம் வராது" என்று ஒரு கட்டுக்கதை நடமாடுகிறது. சரித்திரத்தைத் திருப்பிப் பாருங்கள்.

பிஸினஸ் ஜெட் என்ற ஜாதியைப் பிரபலப்படுத்திய லியர்ஜெட் 23 என்ற விமானம் 1964-ல் விற்பனைக்கு வந்தது. அதில் இருந்தது ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் எஞ்சின். அது யாருக்காகப் பிறந்தது? அமெரிக்க விமானப்படையின் பி-52 குண்டுவீச்சு விமானம், சோவியத் ரேடாரை ஏமாற்றுவதற்காக 'குவெயில்' என்ற போலி விமானம் ஒன்றை வெளியே விடும். அந்தப் போலிக்காகச் செய்த எஞ்சினின் தம்பிதான் லியர்ஜெட்டில் ஏறியது. செலவு அமெரிக்க வரிப்பணம், வருமானம் கம்பெனிக்கு.

அடுத்து வில்லியம்ஸ் கதை. மிச்சிகன் ராஜ்யத்தில் சாம் வில்லியம்ஸ் என்ற இஞ்சினீர் கிரைஸ்லர் மோட்டார் கம்பெனியை விட்டு வெளியேறி, சின்னஞ்சிறு டர்பைன்களைச் செய்யும் கம்பெனி தொடங்கினார். திறமைசாலி, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவரை வாழ வைத்தது எது? டோமஹாக் என்ற குரூஸ் ஏவுகணை. 1991-ல் பாக்தாத் நகர் மீது பாய்ந்ததே, அதே டோமஹாக்தான். அதன் வயிற்றில் இருந்த எப்.107 எஞ்சின் வில்லியம்ஸ் கம்பெனியுடையது. ராணுவ ஆர்டர் ஆண்டுக்கணக்கில் ஓடியது. அந்தப் பணத்தில் கம்பெனி தேறியது. பிறகுதான் எப்.ஜே.44 என்ற பிஸினஸ் ஜெட் எஞ்சின் வெளிவந்து 1990-களில் செஸ்னா விமானங்களில் ஏறியது. அதோடு நின்றதா? 1996-ல் நாஸா என்ற சர்க்கார் ஸ்தாபனமே செலவில் பங்கெடுத்து, இன்னும் சிறிய எஞ்சின் ஒன்றைச் செய்யச் சொல்லி அதே வில்லியம்ஸிடம் வேலை கொடுத்தது. அதிலிருந்து பிறந்த எஞ்சினை எக்லிப்ஸ் என்ற குட்டி விமானத்தில் 2002-ல் பூட்டிப் பறந்து பார்த்தார்கள். போதவில்லை. அந்த ஆண்டே அதைக் கழற்றி எறிந்தார்கள்; பிறகு கனடா எஞ்சினுக்கு மாறினார்கள். அங்கே ஒரு முயற்சி தோற்றால் "அனுபவம்" என்கிறார்கள். இங்கே பொதுத்துறையில் ஒன்று தாமதமானால் "இழுத்து மூடு" என்கிறார்கள்!

ஜப்பானில் ஹோண்டா கம்பெனியைப் பாருங்கள். மோட்டார் சைக்கிளும் காரும் செய்து கோடிகோடியாகக் குவித்த கம்பெனி. 1986-ல் விமான ஆராய்ச்சி தொடங்கியது. ஜெனரல் எலெக்ட்ரிக்கோடு கூட்டுச் சேர்ந்தது. அதன் சிறிய டர்போபேனுக்கு 2013 டிசம்பரில்தான் அங்கீகாரம் கிடைத்தது. இருபத்தேழு ஆண்டு! அந்த இருபத்தேழு ஆண்டும் லாபம் பார்க்காமல் பணம் போட்டார்கள். 1986-ல் டிராயிங் போர்டில் நின்ற வாலிபன் 2013-ல் நரைத்த தலையோடு வெற்றியைப் பார்த்திருப்பான். இந்த இருபத்தேழு என்ற எண்ணை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் வீட்டுக் கணக்கு

நம் நாடு எஞ்சின் விஷயத்தில் பட்ட அடி இன்று நேற்றுப் பட்டதல்ல. ஜெர்மன் நிபுணர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் செய்த மாருத் என்ற போர் விமானம் 1961 ஜூன் 17-ல் பறந்தது. ஆசியாவில் அன்று அது பெரிய சாதனை. உடல் வாகு அற்புதம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அதற்கென்று நினைத்திருந்த வலுவான எஞ்சினுக்குப் பிரிட்டிஷ்காரன் பணம் போட மறுத்தான்; நம் சர்க்காரும் போடவில்லை. வலு குறைந்த எஞ்சினோடு அது பறந்தது. எதிர்பார்த்த வேகத்தை எட்டாமலே ஓய்ந்தது. எஞ்சின் தேடி எகிப்து வரை போய் அலைந்த கதையும் உண்டு.

அதே 1960-களில் கிரண் என்ற பயிற்சி விமானத்துக்கென்று 2,500 ராத்தல் தள்ளுவிசையுள்ள சிறிய ஜெட் எஞ்சின் ஒன்றைப் பெங்களூரிலேயே செய்தார்கள். செய்தவர்கள் நம்மவர்கள். ஆனால் கிரண் பறந்தது பிரிட்டிஷ் வைப்பர் எஞ்சினில். நம் எஞ்சின் மூலைக்குப் போயிற்று. அன்று அதை விடாமல் பிடித்துத் திருத்திக்கொண்டு வந்திருந்தால் இன்று நாம் எங்கே இருந்திருப்போம்! 2003 மார்ச்சில் சித்தாரா என்ற புதிய பயிற்சி விமானம் பறந்தபோதும் அதே நிலை. முதலில் பிரெஞ்சு எஞ்சின். பிறகு ருஷ்ய எஞ்சினுக்காகக் காத்திருப்பு. 1989-ல் 382 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கிய காவேரி எஞ்சினை 2008-ல் தேஜஸ் விமானத்திலிருந்து பிரித்துவிட்டார்கள். அந்தக் காவேரியை உயரத்தில் பறக்கவிட்டுச் சோதிக்க ருஷ்யாவுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. சோதனைக் கூடமே சொந்தமாக இல்லாமல் எஞ்சின் செய்யச் சொல்வது, உலையில்லாமல் சோறு வடிக்கச் சொல்வது போலத்தான்.

அன்னிய எஞ்சினை நம்பினால் என்ன நடக்கும்? தேஜஸ் விமானங்களுக்கு 99 எஞ்சின்கள் வேண்டுமென்று 2021 ஆகஸ்டில் ஜெனரல் எலெக்ட்ரிக்கிடம் ஆர்டர் கொடுத்தார்கள். விலை 71 கோடி 60 லட்சம் டாலர். முதல் எஞ்சின் வந்தது 2025 மார்ச்சில். விமானத்தின் உடல் இங்கே தயாராக நிற்கிறது, எஞ்சின் அங்கே கம்பெனியின் தயவில் நிற்கிறது. நாளை வாஷிங்டனில் யாராவது முகம் சுளித்தால் அதுவும் நிற்கும்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஆவடியைப் பாருங்கள். 1974-ல் பதினைந்தரைக் கோடி ரூபாயில் அர்ஜுன் டாங்கித் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. ஆவடி ஆராய்ச்சி நிலையம் டாங்கியைத் தயாரித்துவிட்டது. எஞ்சின்? ஜெர்மனியிலிருந்து வந்த 1,400 குதிரைசக்தி எஞ்சின். 2021 செப்டம்பரில் 118 புதிய அர்ஜுன் டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலைக்கு வந்தது. ஜெர்மன் எஞ்சின் வந்து சேராததால் அதுவும் இழுபறியாயிற்று. சொந்தமான 1,500 குதிரைசக்தி எஞ்சின் மைசூரில் முதல் தடவையாகச் சுட்டுப் பார்க்கப்பட்டது 2024 மார்ச் 20-ந் தேதி. 1974-க்கும் 2024-க்கும் எத்தனை ஆண்டு என்று பள்ளிக்கூடப் பிள்ளையே சொல்லும். கலப்பையைச் செய்துவிட்டு மாட்டுக்கு ஐம்பது வருஷம் காத்திருந்த கதை.

ஆனால் ஆவடி இன்னொரு பாடத்தையும் கற்றுக் கொடுத்திருக்கிறது. 1987-ல் தொடங்கிய ஆவடி எஞ்சின் தொழிற்சாலை ருஷ்ய வரைபடத்தைக் கொண்டு டாங்கி எஞ்சின் செய்து வந்தது. பல உதிரிகள் ருஷ்யாவிலிருந்தே வந்தன. தொழிலாளிகளும் இஞ்சினீர்களும் ஒவ்வொரு உதிரியாக எடுத்து இங்கேயே செய்யக் கற்றார்கள். 2018 ஜூலையில் டி-72 டாங்கியின் 780 குதிரைசக்தி எஞ்சினும், டி-90 டாங்கியின் 1,000 குதிரைசக்தி எஞ்சினும் முழுக்க உள்நாட்டு உதிரிகளோடு ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அம்பானி வந்து கற்றுக் கொடுத்தாரா? டஸால்ட் வந்து கற்றுக் கொடுத்ததா? ஷிப்டு ஷிப்டாக நின்ற பொதுத்துறைத் தொழிலாளி கற்றான்.

விமான எஞ்சினுக்கும் ஆவடிக்கும் சம்பந்தமில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். தேஜஸ் விமானத்தில் எஞ்சினின் சுழற்சியை வாங்கிப் பக்கத்திலுள்ள கியர் பெட்டிக்குக் கொண்டு போகும் தண்டு ஒன்று இருக்கிறது. மின்சாரம், ஹைட்ராலிக் பம்பு எல்லாம் அதன் மூலம்தான் ஓடவேண்டும். எஞ்சின் அசையும், விமான உடல் நெளியும். அதற்கு நடுவே அதிவேகத்தில் சுழல வேண்டிய தண்டு அது. அதிர்வு பிடித்தால் முறிந்து விழும். அந்தத் தண்டை வடிவமைத்தது ஆவடி ஆராய்ச்சி நிலையம். 2023 மார்ச் 14-ல் பெங்களூரில் அதைப் பூட்டிப் பறந்து பார்த்தார்கள், வெற்றி. டாங்கி செய்கிற ஊரிலிருந்து விமானத்தின் தண்டு! ஹைதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோக ஆராய்ச்சிக்கூடம் ஒற்றைப் படிகப் பிளேடுகளை வார்த்து, 60 பிளேடுகளை ஹெலிகாப்டர் எஞ்சினுக்காகக் கொடுத்ததாக 2021 ஏப்ரலில் அறிவித்தது. உலோகம் ஒரு பக்கம், தண்டும் கியரும் ஒரு பக்கம், வடிவம் ஒரு பக்கம் என்று துண்டு துண்டாக எல்லாம் இருக்கிறது. சேர்த்துப் பிடித்து ஓட்டுகிற உறுதிதான் டில்லியில் இல்லை.

அந்த உறுதிக்கு ஒரு காலத்தில் ஆவடியின் பெயரே சூட்டப்பட்டிருந்தது என்பது வேடிக்கை. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை ஆவடியில் கூடி, "சோஷலிஸ பாணி சமுதாயம்" என்று தீர்மானம் போட்டது. 1956 ஏப்ரலில் வந்த கைத்தொழில் கொள்கைத் தீர்மானம் விமானத் தயாரிப்பையும் ஆயுதத் தயாரிப்பையும் சர்க்காரின் தனிப்பொறுப்பு என்று பட்டியல் போட்டது. ஆவடித் தீர்மானத்தின் மீது அன்று கம்யூனிஸ்டுகளுக்கு மயக்கம் எதுவும் இருந்ததில்லை. பாணி மட்டும்தான் சோஷலிஸம், பை முதலாளியுடையது என்றார்கள். இருந்தாலும் எழுதியதாவது எழுதியிருந்தது. 2001-ல் பாதுகாப்புத் தொழிலைத் தனியாருக்குத் திறந்தார்கள். 2020-ல் அன்னிய மூலதனம் தானாகவே 74 சதவிகிதம் வரை வரலாம் என்றார்கள். 2021 அக்டோபர் 1-ல் 41 ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளையும் ஏழு கம்பெனிகளாக வெட்டினார்கள். ஆவடி எஞ்சின் தொழிற்சாலையும் கனரக வாகனத் தொழிற்சாலையும் ஒரு கம்பெனிக்குப் போயின. பக்கத்துச் சுவரிலுள்ள ராணுவ உடைத் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வேறொரு கம்பெனிக்குப் போயிற்று. தொழிலாளர் எதிர்ப்பார்கள் என்று தெரிந்து, அதற்கு மூன்று மாதம் முன்பே, ஜூன் 30-ல், வேலைநிறுத்தத்துக்கு ஓராண்டு ஜெயில் என்று அவசரச் சட்டம் வந்தது. பிறகு அது பார்லிமெண்டில் சட்டமாகி ஓராண்டுக் காலம் தலைக்கு மேல் கத்தியாகத் தொங்கியது. 2019 ஆகஸ்டில் ஆவடி உள்பட எல்லாத் தொழிற்சாலைகளிலும் நடந்த வேலைநிறுத்தத்தை அவர்கள் மறக்கவில்லை.

பெங்களூர் ஸ்தாபனத்தின் கதி என்ன? விமானப்படை கொடுக்க வேண்டிய பாக்கி வராததால், 2019 ஜனவரி வாக்கில் சம்பளம் போடச் சுமார் 962 கோடி ரூபாய் கடன் வாங்கியதாக அந்த ஸ்தாபனத்தின் தலைவரே சொன்னார். தன் சொந்தப் பணத்தைப் போட்டு எஞ்சின் ஆராய்ச்சி நடத்தும் ஸ்தாபனம் அது. சம்பளத்துக்கே கடன் வாங்க வைத்துவிட்டு, "எஞ்சின் ஏன் இன்னும் வரவில்லை?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

வயலில் நிற்கிற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில் விமானத் தொழில் பூங்கா வந்திருக்கிறது. அதற்கும் அப்பால் பரந்தூரில் புதிய விமான நிலையம் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம். ஏரியும் நஞ்சையும் அதில் அடக்கம். ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டுப் போராடி வந்திருக்கிறார்கள். பட்டா உள்ளவனுக்காவது நஷ்டஈடு என்று ஒரு சொல் உண்டு. அந்த நிலத்தில் களை எடுத்தவளுக்கு என்ன உண்டு? நிலம் போகும், ஓடுபாதை வரும்; அதில் இறங்குகிற பிஸினஸ் ஜெட்டின் உடல் நாகபுரி, எஞ்சின் கனடா, சவாரி முதலாளி. அந்தக் கூலிக்காரி மகன் ஐ.டி.ஐ. படித்துவிட்டு எங்கே போவான்? ஆவடிக்குத்தான் வருவான்.

வந்தால் என்ன கிடைக்கும் என்றும் பார்த்துவிடுவோம். 2025-ல் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலை 1,850 ஜூனியர் டெக்னீஷியன் இடங்களுக்கு விண்ணப்பம் கேட்டது. பிட்டர், மெஷினிஸ்டு, வெல்டர், எலெக்ட்ரீஷியன் என்று பல தொழில்கள். பெரிய எண்ணிக்கைதான், சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் நியமனம் ஒப்பந்த முறையில். முதலில் ஓராண்டு, வேலை திருப்தியாக இருந்தால் நீட்டிப்பு, எல்லாம் சேர்த்து அதிகபட்சம் நாலு ஆண்டு. அதற்குப் பிறகு?

ஹோண்டாவின் இருபத்தேழு ஆண்டை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அதை இங்கே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கிரைண்டிங் தொழிலாளிக்குக் கை பழக, காது பழக, மெஷின் சத்தத்தைக் கேட்டே வெட்டு சரியா தப்பா என்று சொல்ல எத்தனை ஆண்டு பிடிக்கும்? எந்த மேஸ்திரியிடமும் கேளுங்கள். நாலாம் ஆண்டில்தான் ஆள் தேறுவான். தேறுகிற சமயத்தில் சீட்டைக் கிழித்து அனுப்பிவிட்டு, அடுத்த பையனை அ, ஆ-விலிருந்து தொடங்க வைப்பதற்கு ஒரு சர்க்கார்! அவன் கற்ற வித்தை எங்கே போகும்? ஏதாவது தனியார் கம்பெனி கேட்டில் பாதிச் சம்பளத்துக்குப் போய் நிற்கும். பொதுப்பணத்தில் கற்ற கை, முதலாளிக்கு மலிவாகக் கிடைக்கும். இதுவும் ஒரு வகைத் தொழில் அபிவிருத்திதான். யாருடைய தொழில் என்பதுதான் கேள்வி.

ஒரு தோழர் நேராகவே கேட்கலாம்: "பணக்காரன் விமானத்துக்கு எஞ்சின் செய்யப் பொதுப்பணம் போடச் சொல்கிறீர்களா?" அதற்காகச் சொல்லவில்லை. 25 கிலோ நியூட்டன் எஞ்சின் பயிற்சி விமானத்துக்கும் வேண்டும், ஆளில்லா விமானத்துக்கும் வேண்டும். அந்த வித்தை கைக்கு வந்தால் மின்சார டர்பைனுக்கும் அது உதவும், கப்பலுக்கும் உதவும். பணக்காரனுக்கு அதையே விலைக்கு விற்றுப் பொதுத்துறை லாபம் சம்பாதிக்கட்டுமே! கனடாக் கம்பெனிக்குப் போகிற டாலர் பெங்களூருக்கும் ஆவடிக்கும் வருவதில் நமக்கு என்ன வருத்தம்? நமக்கு வருத்தமெல்லாம், எஞ்சினைச் செய்கிற ஸ்தாபனத்தைப் பட்டினி போட்டுவிட்டு, பூட்டுகிற கம்பெனிக்கு விருந்து வைக்கிறார்களே என்பதுதான்.

ஆகவே கேட்க வேண்டியது இது. எச்.டி.எப்.இ. 25-க்கு ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் மிச்சப்பணம் போதாது. மத்திய பட்ஜெட்டில் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். அந்த எஞ்சினை வைத்தே பறக்கப் போகிற பயிற்சி விமானம் இன்னதென்று விமானப்படை இப்போதே பெயர் சொல்லி ஆர்டர் கொடுக்க வேண்டும். வாங்குகிறவன் இல்லாமல் எந்த எஞ்சினும் தேறியதில்லை, அமெரிக்காவிலும் தேறியதில்லை. உயரத்தில் எஞ்சினைச் சோதிக்கும் கூடமும், பறந்து சோதிக்கும் விமானமும் நம் நாட்டிலேயே அமைய வேண்டும். கியர், தண்டு, பேரிங் வேலைகளில் ஒரு பங்கை ஆவடிக்கும், ஆவடி வழியாக அம்பத்தூர்ச் சிறு பட்டறைகளுக்கும் கொடுக்கலாம். பட்டறைத் தொழிலாளிக்கு இவ்வளவு கூலி என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இடையிலிருக்கிற காண்டிராக்டர் விழுங்கிவிடுவான்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், 1,850 பேர் விஷயம். நாகபுரியில் முதல் பால்கன் பறப்பது 2028-ல் என்கிறார்கள். ஆவடியில் இந்த நியமனத்தில் நுழைந்தவர்களுக்கு நாலு ஆண்டு முடிவது 2029-ஐ ஒட்டி. அதற்குள் நிரந்தரம் என்ற உத்தரவு வரவேண்டும். நிரந்தரத் தொழிலாளிகளின் சங்கங்கள் இதை "ஒப்பந்தக்காரர் பிரச்னை" என்று ஒதுக்கிவிடாமல், தங்கள் கோரிக்கைப் பட்டியலில் முதல் ஷரத்தாக எழுதி, இந்த ஆண்டுப் பேச்சுவார்த்தையிலேயே மேஜைமேல் வைக்க வேண்டும்.